காதுகுத்துப் படத்தில் ஒரு கை

ஆவணி 5, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ரெபேக்கா அம்மா இன்று எனக்கு இரண்டு வேலை வைத்துவிட்டுப் போனார். ஒன்று, வீட்டிலிருக்கும் பழைய படங்களைத் தினம் மூன்று நான்கு என் வீட்டுக்காரி பாவாயிக்குக் காட்ட வேண்டும். இவர் யார், இது எந்த ஊர், அன்றைக்கு என்ன விசேஷம் என்று சொல்லிக்கொண்டே காட்ட வேண்டும். இரண்டாவது, அவள் வாயிலிருந்து எது வந்தாலும், அரைச்சொல்லானாலும், அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டும்.

"எழுதறதுக்கு நான் எங்கீங்க போவேன்? கைநாட்டுங்களே நான்" என்றேன்.

"நீங்க பேசுங்கய்யா. உங்க போன் எழுதிக்கும்" என்றார்.

கோயமுத்தூரிலிருக்கும் என் மகள் சாந்தாமணி போனில் அதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறாள். மைக் படத்தை அழுத்திவிட்டுப் பேசினால் எழுத்து விழுகிறது. சாயங்காலம் அவள் அங்கிருந்தே எடுத்துப் படித்துப் பிழை திருத்துகிறாள். "நம்மூட்டுப் பேச்சு பேசினா அதுக்கு வெளங்காதுங்கப்பா, ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி பேசுங்க" என்றாள். ஐம்பது வருஷம் ரேடியோ நியூஸ் கேட்டவன். எனக்கு அதில் சிரமமில்லை.

ஆடிப் பதினெட்டன்று காலை பாவாயிக்கு வலது கையும் வாயும் சேர்ந்து விழுந்தன. கை பாதி திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. முதல் மூன்று மாதத்தில் வரும் பேச்சுதான் நல்லபடி வருமாம். அதற்குள் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவும் இழுத்துவிட வேண்டும். நாற்பத்தாறு வருஷம் என்னை 'ஏனுங்' என்று கூப்பிட்ட வாய் அது.

இன்று சொன்னது: 'ம்' மூன்று முறை. 'போ' ஒரு முறை, எனக்கு.

ஆவணி 7, வெள்ளி

ஆல்பத்தில் படங்கள் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டலாம் என்று பார்த்தால், ஆல்பத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது. டியூப் லைட் அதில் விழுந்து எல்லோர் நெற்றியிலும் பட்டை பட்டையாக விபூதி பூசியது போல அடித்தது. லைட்டை அணைத்தால் என் தலை நிழல் விழுந்தது. சாய்த்துப் பிடித்தால் படம் முறம் போல ஒரு பக்கம் அகன்றுவிட்டது.

மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் புத்தி வந்தது. சென்னிமலைச் சாயப்பட்டறையில் நாற்பத்தொரு வருஷம் கலர் பார்த்தவன் நான். நனைந்த நூலை டியூப் லைட்டில் பார்த்து 'கலர் சரி' என்று சொன்ன ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த நான், படத்தை டியூப் லைட்டில் வைத்துக்கொண்டு போனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சமையல்கட்டு வடக்கு வாசலில் வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். அங்கே ஆல்பத்தைத் தரையில் விரித்து, ஸ்டூலில் உட்கார்ந்து, போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்தேன். பளபளப்பு போய்விட்டது. பதினேழு படம் எடுத்தேன். முதுகு வலி.

இன்று சொன்னது: 'ம்'. மோர் கேட்டது கையால்.

ஆவணி 9, ஞாயிறு

படமெல்லாம் சிவந்து கிடந்தன. எல்லோரும் மிளகாய் வத்தல் காயப்போட்டுவிட்டு வந்து நின்றது போல இருந்தார்கள். போனில் மந்திரக்கோல் படம் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டால் தானே சரிசெய்யும் என்றாள் சாந்தாமணி. தொட்டேன். சிவப்பு போய் ஆரஞ்சு ஆயிற்று.

எனக்கு இந்த வியாதி தெரியும். கலந்த சாயத்தில் ஏதாவது ஒன்று முதலில் ஓடிப்போகும். இந்தப் படங்களில் நீலம் ஓடிவிட்டது. சிவப்பைக் குறைத்துப் பயனில்லை, போன நீலத்தைக் கொண்டுவர வேண்டும். ஆனால் எவ்வளவு? அதற்கு, படத்துக்குள் நிச்சயமாகத் தெரிந்த கலர் ஒன்று வேண்டும்.

நாங்கள் ஈங்கூர் ரோட்டு வீட்டில் குடியேறிய நாள் எடுத்த படத்தில் பாவாயி மயில்கழுத்துக் கலர் சீலை கட்டியிருக்கிறாள். படத்தில் அது சாணிக் கலரில் இருந்தது. அந்தச் சீலைக்கு நூலை நனைத்தது நான். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு காலை பத்து மணி வெளிச்சத்தில் வாசலுக்கு வந்தேன். மடியில் சீலை, கையில் போன். போனில் எனக்கு எழுத்து வேண்டியதில்லை, எல்லாம் பொம்மைதான். காய்ச்சல் பார்க்கும் குழாய் பொம்மையை இழுத்தால் மஞ்சள் ஏறி இறங்குகிறது. அதற்கடுத்த பொம்மையில் ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் பச்சை. கொஞ்சம் இது, கொஞ்சம் அது, மறுபடி இது. சீலையும் படத்துச் சீலையும் ஒன்றானதும் கையை எடுத்துவிட்டேன். பார்த்தால் சுவரும் செம்பருத்திச் செடியும் என் முகமும் தானாகவே அவரவர் கலருக்கு வந்து நின்றன.

அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைப் பார்த்தாள். என் தோளில் கிடந்த சீலையைப் பார்த்தாள். இடது கையால் அதன் முந்தியைப் பிடித்தாள்.

இன்று சொன்னது: 'சீலை'.

ஒரு பொருளின் பேர் வந்திருக்கிறது, இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு. சாந்தாமணி, நீ இதைப் படிக்கும்போது போன் பண்ணு. நேரம் பார்க்க வேண்டாம்.

ஆவணி 12, புதன்

சில படங்களில் முகம் மங்கலாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன் ரிப்பேர் கடைப் பெண்ணிடம் கொடுத்தேன். "பளிச்சுன்னு பண்ணித் தர்றனுங்க" என்று ஒரே அழுத்தில் ஐந்தையும் முடித்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து காட்டினால், என் அம்மா ரோஸ் பவுடரும் உதட்டுச் சாயமும் போட்டுக்கொண்டு, கன்னத்தில் ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பாவாயி பார்த்தாள். வாயைப் பொத்தினாள். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. என் அம்மா செத்து முப்பது வருஷம் கழித்து மருமகளைச் சிரிக்க வைத்திருக்கிறாள். உயிரோடிருந்தபோது ஒரு நாளும் செய்யாத காரியம்.

மங்கலான படத்தை மங்கலாகவே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். போன் அந்த முகத்தை முன்பின் பார்த்ததில்லை. தெரியாததைக் கேட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு முகம் போட்டுவிடுகிறது.

இன்று சொன்னது: 'சீலை', 'தண்ணி', 'மாமி' (சிரிப்புக்கு நடுவில்).

ஆவணி 15, சனி

சாந்தாமணியின் காதுகுத்துப் படத்தை இன்று காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம்.

அவளுக்கு அப்போது மூன்று வயது. மொட்டைத் தலையில் சந்தனம், வாய் முழுக்க அழுகை. இடது பக்கம் நான் நிற்கிறேன், பக்கத்தில் பாவாயி. வலது பக்கம் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கீழேயும் பின்னாலும் படம் இல்லை, ஆல்பத்தின் கறுப்பு அட்டைதான் இருக்கிறது. அந்தப் பாகத்தைப் பூச்சி அரித்துவிட்டது. குழந்தை வயிற்றைச் சுற்றி ஒரு கை மட்டும் மிச்சம்.

பாவாயி அந்தக் கையின் மேல் விரலை வைத்தாள். "அ... அ..." என்றாள்.

"ஆமா, அம்மா. நீதான் அம்மா, இவதான் புள்ள" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி அந்தக் கை. "அ... அ..." என் முழங்காலில் ஓங்கி ஒரு அடி.

ரெபேக்கா அம்மா எட்டிப் பார்த்து, "அது யார் கைங்கய்யா?" என்று கேட்டார்.

"யாரோ ஒறம்பரைங்க, தூரத்துச் சொந்தம்" என்றேன்.

சாயங்காலம் சாந்தாமணி போனில், "அந்தப் படத்த மட்டும் எனக்கு அனுப்பவே இல்லீங்களேப்பா?" என்றாள். தெளிவாக இல்லை என்று சொன்னேன்.

இன்று சொன்னது: 'தண்ணி', 'வலி'. மற்றது சொல் இல்லை.

ஆவணி 17, திங்கள்

மற்ற படங்களையெல்லாம் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அதற்கே போய்விடுகிறாள். போய், கையைத் தொட்டு, "அ... அ..." என்று முக்கி, அது மேலே வராமல் அழுகிறாள். "அழுகையும் பேச்சுதாங்கய்யா, தடுக்காதீங்க" என்கிறார் ரெபேக்கா அம்மா. அவருக்கென்ன, அரை மணி நேரத்தில் போய்விடுவார். ரத்த அழுத்தம் ஏறினால் ராத்திரி பார்ப்பது யார்?

போனில் அழிரப்பர் பொம்மை ஒன்று இருக்கிறது. வேண்டாததைச் சுற்றி விரலால் கோடு போட்டால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கையை எடுத்துவிட்டேன். கறுப்பு அட்டையும் அந்தக் கையும் இருந்த இடத்தில் புல்தரை போல ஏதோ போட்டுக்கொண்டது. குழந்தை புல்லில் உட்கார்ந்து அழுகிறாள். பார்க்க ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

கடைசியில் எப்போதும் போல இரண்டு வரி எழுத்து வந்தது. அதற்கு மட்டும் பொம்மை இல்லை. எப்போதும் போல மேலே இருந்ததை அழுத்தினேன்.

அவள் நன்மைக்குத்தான்.

ஆவணி 21, வெள்ளி

போன் மூன்று நாள் அரிசிக்குள் கிடந்தது. அதனால் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பாவாயி அந்தப் படத்துக்குப் போனாள். கை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள், அடியில் இருக்கிறதா என்று பார்ப்பது போல. நான்கைந்து தரம் தேய்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னை ஒரே ஒரு தடவைதான் முன்பு பார்த்திருக்கிறாள். பிறகு போனைப் பக்கத்திலிருந்த மோர்ச் சட்டிக்குள் விட்டுவிட்டாள். வீசவில்லை. மெதுவாக, கரண்டியை விடுவது போல விட்டாள்.

அன்றிலிருந்து என் கையால் ஊட்டினால் வாய் திறப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மா வந்து ஊட்டுகிறார். இன்று வெள்ளிக்கிழமை, முன்பெல்லாம் மலைக்கோயிலுக்குப் போகும் நாள். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

இன்று சொன்னது: ஒன்றும் இல்லை.

ஆவணி 22, சனி

இன்றும் இல்லை. 'சீலை' கூடப் போய்விட்டது.

ஆவணி 23, ஞாயிறு

காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆல்பத்தில் அசல் இருக்கிறது, மறுபடி படம் பிடித்தால் போயிற்று. இந்தத் தடவை பளபளப்பே வேண்டாம் என்று பிளாஸ்டிக் தாளை உரித்தேன். நாற்பது வருஷத்துத் தாள். படத்தின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. சரியாக அந்தக் கை இருந்த மூலை. தாளில் ஒட்டியது பொடியாய் உதிர்ந்தது. படத்தில் வெறும் வெள்ளை.

மத்தியானம் சாந்தாமணி பத்து நாள் லீவு போட்டு வந்து சேர்ந்தாள். போனை வாங்கித் தோண்டிப் பார்த்தாள். "பழசு மேலயே சேவ் பண்ணிட்டீங்கப்பா. எனக்கு அனுப்பியிருந்தாலாவது என்கிட்ட இருந்திருக்கும்" என்றாள். பிறகு அந்த இரண்டு வரியைக் காட்டினாள். "மேல இருக்கற குட்டை எழுத்து, பழசை அழிச்சு அது மேல எழுதறது. கீழ இருக்கற நீள எழுத்து, பழசை அப்பிடியே உட்டுட்டுப் புதுசா ஒண்ணு வெக்கறது. இனி எப்பவும் நீளம். சரிங்களா?"

சரி என்றேன். இத்தனை நாளும் குட்டையைத்தான் அழுத்தியிருக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். படத்தைக் கையில் எடுத்து, குழந்தையைச் சுற்றியிருந்த விளிம்பை விரலால் தடவினாள். விளிம்பு பல் பல்லாக இருந்தது. பட்டறையில் சாம்பிள் துணி பிசிர் விடாமல் வெட்டுவோமே, அந்தக் கத்திரியின் பல்.

"பூச்சி அரிச்சுதுன்னீங்களே. பூச்சிக்குச் சாம்பிள் கத்திரி எங்கீங்கப்பா கெடச்சுது?"

நான் மோட்டார் போடப் போய்விட்டேன்.

பின்னாலேயே வந்தாள். "அது மாமன் கைதானுங்களே? எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்ல. ஆனா அம்மா தலை சீவறப்பல்லாம் சொல்லும், நீ கத்துன கத்துல உங்க மாமனும் அழுதுட்டான்டீன்னு."

இத்தோடு நிறுத்துகிறேன்.

ஆவணி 24, திங்கள்

காணாத இடத்தில் என்ன வேண்டும் என்று வாயால் சொன்னால் வரைந்து நிரப்பும் வித்தை ஒன்று போனில் இருப்பதைச் சாந்தாமணி தூங்கியபோது கண்டுபிடித்தேன். 'குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்மாமன்' என்றேன். ஒரு ஆளைப் போட்டுக் கொடுத்தது. நல்ல ஆள்தான். மீசை, புது வேட்டி, ஆறு விரல். வாழ்நாளில் நான் பார்த்திராத ஆள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அழித்துவிட்டேன்.

பாவாயியின் தம்பி அர்த்தனாரியின் வேட்டிக் கரை அன்றைக்கு அரக்கு, இரண்டு விரல் அகலம். சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் வேறு கலர். இடது கைச் சுண்டுவிரல் கொக்கி போல வளைந்திருக்கும். அது ஆனபோது அவனுக்கு ஏழு வயது, பாவாயிக்குப் பத்து. கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது அவள் கை நழுவி, கயிறு ஓடி, உருளையில் அவன் விரல் மாட்டியது. அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த விரலைப் பிடித்து நிமிர்த்திப் பார்ப்பாள். எனக்கு எல்லாம் இருக்கிறது தலைக்குள். அதைப் போனில் ஏற்றத்தான் பொத்தான் இல்லை.

ஆவணி 26, புதன்

சாந்தாமணி, இதை நீ இன்றைக்கே படிப்பாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து அறையிலிருந்துதான் பேசுகிறேன். உன் அம்மாவுக்கு வராத பேச்சு ஒரு விதம், எனக்கு வராதது ஒரு விதம்.

உன் கல்யாணத்துக்கு மாமன் வரவில்லை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வந்தான். நீ அப்போது மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். மாமன்தான் உன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அவன் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தம் போகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். என் பெரியப்பன் மகனை உட்கார வைத்துக் கட்டச் சொன்னேன். கால் மணி நேரம் பொறுத்திருக்கலாம். நல்ல நேரம் இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. எனக்குத் தெரியும், கடிகாரம் பார்க்கத் தெரியும் எனக்கு.

அவன் சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றான். சட்டையெல்லாம் வேன் கிரீஸ். உன் நெற்றியில் பட்டம் இருப்பதைப் பார்த்தான். யாரோ என்னிடம், "மாமங்காரன் வந்துட்டானப்பா" என்றார்கள். நூறு பேர் கேட்க நான் சொன்னேன்: "வந்தா வந்தான். சோறு உண்டுட்டுப் போகச் சொல்லு."

தட்டை வாசற்படியில் வைத்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அதுதான் அந்த ஒரு தடவை.

மறு வாரம் கத்திரியை எடுத்தேன். ஆல்பத்தில் அவன் இருந்த பதினொரு படத்திலும் வெட்டினேன். மரியாதை தெரியாதவன் என் வீட்டில் எதற்கு என்றேன். பத்தொன்பது வருஷமாக அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கவிடவில்லை. குழந்தையை வெட்டாமல் அவனை மட்டும் வெட்ட முடியாததால் அந்தக் கை தப்பியது.

எனக்கு ஞாபகம் அதிகம் என்று ஊரே சொல்லும். மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆவணி 28, வெள்ளி

பவானி போனேன். காதுகுத்துப் படத்துக்கு ஸ்டுடியோக்காரர் அன்றைக்கு இரண்டு பிரதி போட்டார். ஒன்று நமக்கு, ஒன்று மாமனுக்கு.

அர்த்தனாரி அங்கே வண்டிகளுக்குச் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறான். தலை முழுக்க வழுக்கை, வெள்ளைத் தாடி. மிஷினில் குனிந்தபடியே, "என்ன வண்டிங்க?" என்றான்.

"வண்டி இல்ல."

மிஷின் நின்றது. தலை நிமிரவில்லை. "வழி தப்பி வந்துட்டீங்களாட்டருக்குது. சென்னிமல பஸ்ஸு அந்தப் பக்கமுங்க நிக்கும்."

"உங்கக்காளுக்கு..."

"தெரியுமுங். ஆஸ்பத்திரிக்கு ரண்டு நாள் வந்தனுங். நீங்க டீ வாங்க வெளிய வந்தீங்க, தூணு மறவுல நின்னுட்டன்."

"உள்ள வந்திருக்கலாமல்ல?"

"சோத்துக்கு வந்தவன்னு ஒருக்காப் பேரு வாங்குனது பத்தாதுங்களா மாமா?"

மாமா என்றான். அந்தச் சொல்லை அவன் எடுத்துவிடவில்லை.

படத்தைப் பற்றிச் சொன்னேன். எழுந்து உள்ளே போய், சுவரிலிருந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தான். முழங்கால், வேட்டிக் கரை, அழும் குழந்தை, அந்தக் கை, பக்கத்தில் பாவாயி. என்னைக் காணோம்.

"என்னைய வெட்டிப் போட்டயா?"

"கத்திரி எடுக்க நான் என்ன சாயப்பட்டறைக்காரனுங்களா?" சட்டத்தின் பின் அட்டையைப் பெயர்த்தான். "மடிச்சுத்தான் வெச்சிருக்கறனுங்." பின்பக்கம் மடிந்திருந்த துண்டை விரித்தான். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், வெயில் படாமல், அன்றைய கலரோடு.

"நான் வெட்டுனது உனக்கெப்பிடித் தெரியும்?"

"அக்கா சொன்னாளுங். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீங்க மலைக்குப் போனதும் போன் பண்ணுவா. நம்பரு மனப்பாடம் அவளுக்கு. உங்க போன்லதானுங்."

என் போனில். மலைக்குப் போகும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன். யாருக்கு யார் பேசினார்கள் என்று அதிலேயே வரிசையாக எழுதியிருக்குமாம். எனக்குத்தான் எழுத்து தெரியாதே.

"இன்னையோட ஆறு வெள்ளியாச்சுங் போன் வந்து" என்றான். அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"அர்த்தனாரி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வேற ஆள உக்கார வெச்சுப் பட்டம் கட்டுனதும் தப்பு. பொறுத்திருக்கோணும்."

அவன் ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினான். "எத்தன மணிக்குங்க உங்க பஸ்ஸு?"

"நீயும் வர்றயா?"

"கடை கெடக்குதுங்" என்றான். சட்டத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஒரு சீட் கவர் துணியில் சுற்றிக் கொடுத்தான்.

ஆவணி 29, சனி

என் பிரதி ஆல்பத்துப் பசையில் கிடந்து சிவந்திருந்தது. அவன் பிரதி சுவரில் வெயில் பட்டு வெளுத்து நீலம் பாரித்திருக்கிறது. ஒரே தொட்டியில் நனைத்த இரண்டு சிட்டம் நூல், காயப்போட்ட இடம் வேறு. மடித்து வைத்த துண்டில் மட்டும் கலர் கெடவில்லை. அதையே அளவாக வைத்து மற்றதை இழுத்தேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டரைக்கு எழுந்தேன். அரக்குக் கரை அரக்கானது.

நீள எழுத்தை அழுத்தினேன். சாந்தாமணிக்கும் அனுப்பினேன்.

பாவாயியிடம் கொடுக்கப் பயமாக இருந்தது. மோர்ச் சட்டியை முதலில் அப்புறப்படுத்தினேன். அவள் கையைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், அர்த்தனாரி முகத்தைப் பெரிதாக்கச் சொல்லி விரலை விரித்துக் காட்டினாள். பெரிதாக்கினேன். நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் என் கையால் சோறு வாங்கினாள்.

இன்று சொன்னது: 'அர்'. அதற்கு மேல் வரவில்லை. பத்துத் தடவை 'அர்'.

ஆவணி 31, திங்கள்

பதினொன்றரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். அர்த்தனாரி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "கரண்டு இல்லீங், மிஷினு ஓடுல" என்றான், யாரும் கேட்காமலே.

உள்ளே கூட்டிப்போனேன். பாவாயி அவனைப் பார்த்தாள். ரெபேக்கா அம்மாவைப் பார்ப்பது போல, மாத்திரை கொண்டுவருபவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தாடியும் வழுக்கையும் அவளுக்கு யாரோ. சாந்தாமணி கல்யாணத்தில் பார்த்த முகம்தான் அவள் கண்ணில் கடைசி. அர்த்தனாரி இரண்டடி பின்னால் நகர்ந்தான். "வேண்டாமுங் மாமா, செரமப்படுத்த வேண்டாம். நான் இப்பிடியே..." என்று வாசல் பக்கம் திரும்பினான்.

"நில்லு" என்றேன்.

போனை எடுத்து அந்தக் கையை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கி அவள் முன்னால் வைத்தேன். அவன் இடது கையைப் பிடித்து இழுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு சுண்டுவிரல். இரண்டும் கொக்கி.

பாவாயி இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். பிறகு நிஜ விரலைப் பிடித்து, பத்து வயதிலிருந்து செய்வது போல, நிமிர்த்திப் பார்த்தாள். அது நிமிராது.

"அர்த்தாரி" என்றாள்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சாந்தாமணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பாவாயி அவன் தாடியைத் தொட்டாள், சட்டைக் காலரைத் தொட்டாள். அவள் முகம் வேலை செய்வது தெரிந்தது, கிணற்றில் கயிறு இழுப்பது போல.

"சோறு... உண்டயா?"

அர்த்தனாரி என்னைப் பார்த்தான். நான் எழுந்து போய் வாழையிலை அறுத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் தெளித்தேன். "உக்காரு" என்றேன். அந்த ஒரு சொல் எனக்கும் கயிறு இழுத்துத்தான் வந்தது.

உட்கார்ந்தான். நானே பரிமாறினேன். மூன்றாவது வாயில், "ரசத்துல உப்புக் கம்மிங் மாமா" என்றான்.

"உங்கக்காளுக்கு உப்பு ஆகாது. பேசாம உண்ணு."

பாவாயி சிரித்தாள். சத்தம் வந்த சிரிப்பு.

இன்று சொன்னது: 'அர்த்தாரி'. 'சோறு உண்டயா'. இரண்டு சொல் சேர்ந்து வந்தது இதுதான் முதல். ரெபேக்கா அம்மாவுக்குச் சாந்தாமணி உடனே போன் பண்ணிவிட்டாள்.

புரட்டாசி 1, செவ்வாய்

சாந்தாமணி கோயமுத்தூர் திரும்பிவிட்டாள். ரேஷன் அரிசி வாங்கி வந்தேன். மோட்டாரில் வாஷர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

அர்த்தனாரி பிரதியில் மடித்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கிறது. சரியாக எனக்கும் பாவாயிக்கும் நடுவில், மேலிருந்து கீழ்வரை. போனில் புண்ணுக்குப் போடும் பட்டை பொம்மை ஒன்று இருக்கிறது, அதை வைத்து விரலால் தேய்த்தால் கீறல் மறைகிறது. நான்கு தேய்ப்பில் கோடு போய்விட்டது. நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிரதி போட்டு அர்த்தனாரிக்குக் கொடுக்க வேண்டும், அவன் சட்டம் சுவரில் காலியாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அவன் வரும்போது கையில் கொடுக்கலாம். இனி போனில் ஒளித்துப் பேச வேண்டியதில்லையே.

கோடு உள்ளது எனக்கு இருக்கட்டும். நீள எழுத்தை அழுத்தினேன். இரண்டும் இருக்கின்றன. இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

மிச்சம் பத்துப் படம் இருக்கிறது, கத்திரி பட்டது. அவற்றில் எதெது அவனிடம் இருக்கும் என்று

உள்ளிருந்து சத்தம் வந்தது. மைக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேட்டேன். மறுபடி வந்தது.

இன்று சொன்னது: 'ஏனுங்'.

கூப்பிடுகிறாள். இத்தோடு நிறுத்துகிறேன்.